வங்கிக்காரன் பக்ரி

வலப்பக்கம்தான் முதலில் கழுவ வேண்டும். ஹாஜி முதவல்லி, இறந்துபோன தன் தம்பி பக்ரியின் வலக்கையைத் தூக்கித் தண்ணீர் ஊற்றினார். முழங்கை வரை சூட்டுத் தழும்புகள். பழையது வெளுத்திருந்தது, புதியது இன்னும் சிவப்பு.

"இத்தனையா?"

"இருபத்திரண்டு வருஷம் இஸ்திரிப் பெட்டி பிடிச்ச கை, ஹாஜி," என்றான் இத்ரீஸ். குவைத்திலிருந்து சவப்பெட்டியோடு வந்திருந்த சூடான்காரன். "கேட்டா, 'குவைத் வெயில் பத்தலை, அதான் இது வேற'ன்னு சிரிப்பான்."

முதவல்லி அடுத்த குவளைத் தண்ணீரை மொண்டார். பக்ரிக்கு வங்கியில் வேலை என்று ஊருக்குச் சொன்னவர் அவர்தான். எகிப்தின் சொஹாக்கில் நிமிர்ந்து நடந்த குடும்பம். அதன் பிள்ளை அடுத்தவன் சட்டையைத் தேய்க்கிறான் என்ற பேச்சு வரக்கூடாது. பக்ரி மறுத்ததே இல்லை. விடுமுறைக்கு வந்தால் விடியுமுன் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணனின் அங்கியைத் தேய்த்து வைப்பான். "வங்கிக்காரனோட அண்ணன் கசங்கித் திரியலாமா?" என்பான்.

அடக்கம் முடிந்ததும் இத்ரீஸைத் தனியே அழைத்தார். "பந்தல்ல யாராவது கேட்டா..."

"வங்கின்னு சொல்லணும். தெரியும் ஹாஜி. பதினைஞ்சு வருஷம் ஒரே கடை, ஒரே அறை. அண்ணன் சொன்ன சொல் கீழே விழக்கூடாதும்பான்."

முதவல்லி பந்தலை நோக்கி நடந்தார்.

துக்கப் பந்தலில் ஊர்த்தலைவர் சர்க்கரையில்லாத காப்பியோடு இத்ரீஸ் பக்கம் திரும்பினார். "நீயும் அதே வங்கிதானா தம்பி?"

"ஆமா..."

"இல்லை," என்றார் முதவல்லி. முதுகு வளையவில்லை. "இஸ்திரிக் கடை. என் தம்பி துணி தேய்ச்சான். நான்தான் மாத்திச் சொன்னேன்."

தலைவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அதானே! அவன் வந்தா மட்டும் உன் அங்கி கத்தி மாதிரி நிக்கும். எந்த வங்கியில இதெல்லாம் கத்துக்கொடுக்கிறாங்கன்னு என் வீட்டுக்காரி கேட்டுட்டே இருப்பா."

யாரோ சிரித்து, அதை இருமலாக்கினார்.

ஆறுதல் சொல்ல அடுத்த கூட்டம் உள்ளே வந்தது. முதவல்லி எழுந்து நின்றார். காலையில் தம்பியைக் கழுவும்போது நனைந்து காய்ந்த அங்கியின் கைப்பகுதி சுருங்கிக் கிடந்தது. பக்கத்தில் நின்ற இத்ரீஸின் உள்ளங்கை, பழக்கத்தில், அதை நீவியது. முதவல்லி கையை இழுத்துக்கொள்ளவில்லை. சுருக்கம் நேராகும்வரை நீட்டியபடியே வைத்திருந்தார்.