பெட்ரோல் வாடை

கழிமுகத்தில் எங்கள் படகின் எஞ்சின் நின்றபோது நான் செய்த முதல் காரியம் என் வீட்டுக்காரரைத் திட்டியதுதான். பயம் வந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

"எத்தனை தடவை சொன்னேன், கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் பாருங்கன்னு!"

"பாத்தேன்டி. பாதி டேங்க் பெட்ரோல் கிடக்கு."

படகில் நாங்கள் மூன்று பேர்தான். நடுப்பலகையில் என் தங்கை, ஏழு மாதம். இதற்கு முன் இரண்டு கரு தங்காமல் போய்விட்டது. அக்கரை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்து, குழந்தை நல்லபடியாக இருக்கிறது என்று கேட்ட சந்தோஷத்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். இப்போது நீரோட்டம் எங்களை அலைத்தடுப்புப் பாறைகள் பக்கமாக இழுத்தது. நங்கூரத்தைப் போட்டேன். பாழாய்ப்போனது, எங்கேயும் பிடிக்காமல் கூடவே உருண்டு வந்தது.

அவர் எஞ்சின் கயிற்றைச் சுண்டி இழுத்தார். எஞ்சின் இருமிவிட்டு அடங்கியது. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. தண்ணீர் கலந்திருக்குமோ என்று கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பார்த்தார், கலக்கவில்லை. டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று தடவிக்கொண்டே போனார். அதுவும் இல்லை.

"டேங்க்ல இருக்கு. எஞ்சினுக்கு வரமாட்டேங்குது" என்றார். எந்த எஞ்சினுக்கும் அசராத மனுஷன், குரல் கம்மிப்போயிருந்தது.

தங்கை இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எனக்கு நீச்சல் தெரியாதுக்கா."

"சும்மா இருடி. இங்க யாரும் நீந்தப் போறதில்ல."

கடைசியாக அவர் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். இறுக்கி மூடினார். கயிற்றை இழுத்தார். எஞ்சின் பிடித்துக்கொண்டது! அப்பாடா என்று மூச்சு விட்டேன். பாறைகளை விட்டுக் கொஞ்சம் விலகியிருப்போம், மறுபடியும் நின்றது. முதல் தடவை நின்றதைவிட இதுதான் என்னைக் கொன்றது.

நீரோட்டம் மறுபடி இழுத்ததில், பாறையில் ஒட்டியிருந்த சிப்பிகள்கூட இப்போது கண்ணுக்குத் தெரிந்தன. அவர் துடுப்பைப் பாறையில் ஊன்றி, உடம்பு முழுக்கக் கொடுத்துத் தள்ளினார். "டியூபைப் பாருடி!" என்று கத்தினார்.

டியூபின் நடுவில், பெட்ரோலை அமுக்கி ஏற்றுவதற்கு ஒரு ரப்பர் பல்பு உண்டு. உறிஞ்சி முடித்த ஜூஸ் பாக்கெட் மாதிரி அது ஒட்டிப்போய்க் கிடந்தது. மூடியைத் திறந்து பார்த்ததும் ஓடியது, மூடிய கொஞ்ச நேரத்தில் நின்றது. எனக்குப் பொறி தட்டியது. மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. பல்பு உப்பி எழுந்தது.

மூடியில் காற்று போய்வர ஒரு குட்டி ஓட்டை இருக்கும்; காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் எஞ்சினுக்கு வரும். அதில் வெள்ளையாக என்னவோ அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். துணி சோப்பு! டேங்க் எங்காவது ஒழுகினால் சோப்பை அப்பி அடைப்பது எங்கள் வழக்கம். ஆனால் மூடியில் என்ன ஒழுகியது?

"யாருங்க இதுல சோப்பு வச்சது?"

துடுப்போடு நின்றவரின் முகம் செத்துப்போனது. "அக்கரையில ஏறும்போது உன் தங்கச்சி பெட்ரோல் வாடை தாங்காம ஓங்கரிச்சாளே... பாவமா இருந்துச்சு. நான்தான் அடைச்சேன். மறந்தே போச்சு."

ஆயுசுக்கும் போதுமான திட்டு நாக்கு நுனிவரை வந்தது. அவர் துடுப்பை விடாமல் பாறையில் ஊன்றிக்கொண்டிருந்தார். விழுங்கிவிட்டு, மிச்ச சோப்பையும் சுரண்டி எறிந்து, கயிற்றை நானே இழுத்தேன்.

எஞ்சின் உறுமியது. படகின் விலா பாறையில் உராய்ந்து, கிறீச்சென்று விலகியது. ஓட்டை வழியாகப் பெட்ரோல் வாடை குப்பென்று கிளம்பியதும், தங்கை படகின் விளிம்பில் குனிந்து குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தாள். அவர் பதறி மூடியின் பக்கம் கையைக் கொண்டுபோனார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

"எடுடி தங்கம், நல்லா எடு" என்று அவள் முதுகைத் தடவினேன். கரை சேரும்வரை வாடை வந்துகொண்டே இருந்தது. எஞ்சின் நிற்கவே இல்லை.