தலைவரின் சூடேறும் கைப்பிடிகள்

மலைநாட்டு மோட்டார் சைக்கிள் சங்கத் தலைவர் விவேகானந்தனின் வண்டி கம்பளை ஊரைத் தாண்டி மலை ஏறியதில்லை. அம்பிட்டியவில் அவர் வீட்டு வாசலில் நின்றபடி, ஷாம்பு போட்டுக் குளித்து, அவரைவிடச் சுத்தமாக இருந்தது. மேல்மாடியில் வாடகைக்கு இருந்த நிரோஷாவின் ஸ்கூட்டரோ, சனிக்கிழமை தவறாமல் மழையென்றும் பனியென்றும் பாராமல் அவள் ஊரான புசல்லாவைக்கு ஏறி இறங்கியது.

அந்த ஸ்கூட்டரோடு சங்கத்தில் சேர அவள் கேட்டபோது, தலைவர் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொன்னார்.

"பிள்ளை, மரக்கறி வாங்கப் போற சாமானோட மலை ஏற ஏலாது. எங்களுக்கெண்டு ஒரு தரம் இருக்கு."

சங்கம் சிரித்தது. செயலாளர் ஆகிப் விக்கல் எடுக்கும்வரை சிரித்தான். நிரோஷாவும் சிரித்தாள். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து பழகிய சிரிப்பு அது. உள்ளே என்ன ஓடுகிறதென்று வெளியே தெரியாது. உள்ளே ஓடியது ஒன்றுதான்: இதே ஆட்கள் முன்னால் இந்த மனிதரை இறக்கிக் காட்ட வேண்டும்.

திங்கட்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. சங்கம் நுவரெலியாவுக்குப் போகிறது. அங்கே தலைவருக்கு மாலையும், தலைவருடைய உரையும் காத்திருந்தன. குளிரில் விரல் விறைத்தால் உரையின் தாளை எப்படிப் பிடிப்பது? ஆகவே சூடேறும் கைப்பிடிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார். ஞாயிறு காலை, சங்கத்தார் பார்த்திருக்க, தானே பூட்டத் தொடங்கினார். கையில் கறை படக்கூடாதென்று, பயணத்துக்கு வாங்கிய புதுத் தோல் கையுறைகளையே மாட்டிக்கொண்டார்.

பழைய கைப்பிடிகளைக் கத்தியால் கீறி உரித்தார். ஹேண்டிலில் பசையை ஊற்றினார். அரசாங்கக் காசைச் செலவழிப்பதுபோல் தாராளமாக ஊற்றினார். புதியவற்றைத் திருகி ஏற்றியபோது இரு பக்கமும் பசை பிதுங்கி வழிந்தது. வயர்களைப் பற்றரியில் கொடுத்துவிட்டு, பெட்டியில் இருந்த ஆங்கிலத்தைக் கணீரென்று வாசித்து, தமிழிலும் அருளினார்.

"பசை ஒரு முழு நாள் காய வேணும். அதுக்கு முன்னம் சூடாக்கவே கூடாது. விளங்கிச்சோ? நான் சயன்ஸ் படிச்சவன். நாளைக்கு மத்தியானம்தான் வெளிக்கிடுறது."

படியில் நின்ற நிரோஷாவுக்கு வழி திறந்துகொண்டது.

"சரிங்க சார். ஆனா ஆகிப் அண்ணன் எல்லாருக்கும் காலைல எட்டு மணின்னு சொல்லிட்டாருங்களே. திங்கக்கெழமை எட்டு மணின்னா ராகு காலமாச்சே. புதுச் சாமான் பூட்டுன வண்டி, முதல் ஓட்டமே ராகு காலத்துலயா?"

தலைவரின் மனைவி இரஞ்சிதம் உள்ளேயிருந்து வந்துவிட்டாள்.

"ஐயோ, ஓமப்பா. பிள்ளை சொல்றது சரி."

"மத்தியானம் எண்டு மாத்துவம்," என்றார் தலைவர்.

"மாலை போடுற நேரத்த மாத்த ஏலாது சேர்," என்றான் ஆகிப்.

தலைவரின் முகத்தில் விஞ்ஞானமும் மாலையும் ராகுவும் ஒன்றையொன்று தள்ளின. நிரோஷா பணிவாக வழி காட்டினாள்.

"இன்னைக்கே, ராகு தொடங்குற நாலரைக்கு முன்ன, சந்தி வரைக்கும் ஒரு சுத்துப் போய்ட்டு வந்துருங்க சார். அப்ப நாளைக்குப் போறது ரெண்டாவது ஓட்டந்தானே. ராகு முதலாவதத்தான் பாப்பாரு."

"பசை?"

"சூடு போட்டா சீக்கிரம் காயாதுங்களா? நீங்க சயன்ஸ் படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா?"

விஞ்ஞானம் அந்த இடத்தில் காலமானது.

பின்னேரம் நாலு மணிக்கு வண்டிக்கு மாலை விழுந்தது. சில்லுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, இரஞ்சிதம் கற்பூரம் காட்டினாள். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்க, தலைவர் கையுறையோடு ஏறி அமர்ந்து சூட்டை உச்சத்தில் வைத்தார். அதற்குக் குறைந்தது எதுவும் அவருடைய தரத்துக்குப் பொருந்தாது.

"ஆகா," என்றார். சங்கம் கை தட்டியது.

எக்ஸிலேட்டரை முறுக்கினார். அசையவில்லை. உள்ளே இறங்கிய பசை அதைக் கட்டிப் போட்டிருந்தது. பல்லைக் கடித்து முறுக்கினார். அந்த வேகத்தில் இடது கைப்பிடி, இளகிய பசையில் வழுக்கி, வயரை இழுத்துக்கொண்டு கையோடு கழன்று வந்தது. அதைத் திரும்பச் செருகிப் புன்னகைத்தார். பிறகு புன்னகை மெல்ல வேகத் தொடங்கியது.

"சுடுகுது. ஆகிப், சுடுகுது!"

"சுடத்தானே சேர் பூட்டின?"

"விடுங்கோவனப்பா!" என்று இரஞ்சிதம் கத்தினாள்.

"நான் விட்டிட்டன், அது விடுகுதில்லை!"

தோலும் ரப்பரும் ஒன்றாகியிருந்தன. கடைசியில் கைகளைக் கையுறையிலிருந்து உருவிக்கொண்டு, எலுமிச்சம்பழம் நசுங்காமலே தலைவர் இறங்கினார். கையுறைகள் மட்டும் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தபடி, மாலையோடு, சங்கத்துக்குத் தலைமை தாங்கின. முதலில் சிரித்தது ஆகிப். விக்கல் வரும்வரை சிரித்தான்.

நிரோஷா சிரிக்கவில்லை. அவளுக்கு இன்னும் பசி அடங்கவில்லை.

மறுநாள் காலை, எக்ஸிலேட்டர் இறுகிய தலைவரின் வண்டி வாசலிலேயே நின்றது. சங்கத்தாரின் பின்சீட்டுகளிலெல்லாம் பைகள் கட்டியிருந்தன. அவிழ்க்க யாருக்கும் மனம் வரவில்லை. நுவரெலியாவில் மாலையோ காத்திருந்தது. தலைவர் சிவந்த உள்ளங்கைகளோடு மேல்மாடிப் படியடியில் வந்து நின்றார்.

"பிள்ளை... உம்மட ஸ்கூட்டரில இடம் இருக்குமோ?"

"ஏறுங்க சார். ஆனா தலைவர் போற வண்டி முன்னுக்குத்தானே போகணும்? ஆகிப் அண்ணே, நம்ம சங்கத்துல அப்படித்தானே வழக்கம்?"

"அப்பிடித்தான்," என்றான் ஆகிப், தலைவரைப் பார்க்காமல்.

ராகு காலத்தில், ஒரு ஸ்கூட்டருக்குப் பின்னால், பெரிய வண்டிகள் அத்தனையும் அடக்கமாக ஊர்ந்தன. புசல்லாவை பஜாரில் நிரோஷா வேகத்தைக் குறைத்து, தெரிந்த முகம் ஒவ்வொன்றுக்கும் ஹோர்ன் அடித்தாள். ஒரு கடையிலிருந்து கேள்வி வந்தது.

"யாரும்மா பின்னாடி?"

"எங்க தலைவருங்க! குளிருக்குப் பயந்தவரு, பாத்துக் கூட்டிட்டுப் போறேன்!"

றம்பொடையில் பனி இறங்கியது. தலைவர் வெறுங்கைகளைக் கக்கத்துக்குள் செருகினார். வளைவு வந்தது, எடுத்துச் சீட்டைப் பிடித்தார், மறுபடி செருகினார்.

"பிள்ளை, விரல் விறைக்குது. உம்மட்ட கிளவுஸ் ஏதும் இருக்கோ?"

அவளுடைய அம்மா பின்னிக் கொடுத்த கம்பளிக் கையுறை ஒரு சோடி, சீட்டைத் தூக்கினால் கையில் வரும். அதன்மேல்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

"காத்துல ஒண்ணும் கேக்கலீங்க சார்," என்றாள் நிரோஷா. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு எக்ஸிலேட்டரை முறுக்கினாள்.