அந்த விலைக்கு வந்த கேஸ்

என் பேத்திக்கு நாற்பது நாள் நிறைந்த அன்று, கிண்ணியாவில் எங்கள் வீட்டு வாசலில் வைத்து, அவளையும் அவளுடைய உம்மாவையும் நான் கொளுத்தப் பார்த்தேன். நான் செய்தது வேனின் ஏசிக்கு கேஸ் அடித்தது மட்டும்தான். மலிவாக அடித்தேன்.

நாற்பது முடிந்ததும் பிள்ளையை மாப்பிள்ளையின் உம்மாவிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவ இருப்பது இறக்கக்கண்டியில். பாலம் தாண்டி, டவுன் தாண்டி, நிலாவெளி றோட்டில் போக வேண்டும். அது கச்சான் காற்று வீசுகிற மாதம். கண்ணாடியைத் திறந்தால் யாரோ முகத்துக்கு நேரே அடுப்பு ஊதுகிற மாதிரி இருக்கும். மூடினாலோ எங்கள் வேனின் ஏசி வெறும் சூட்டைத்தான் தந்தது. பிள்ளையோ வேர்க்குருவால் சிவந்து கிடந்தாள்.

மருமகன் ஸஜ்ஜாத் எங்களோடுதான் இருக்கிறான். முதல் நாள் பின்னேரம் நாங்கள் இரண்டு பேருமாக வேனைத் திறந்து பார்த்தோம். டாஷ்போர்ட்டுக்குள் இருக்கும் ஃபில்டரைக் கழற்றினால், என் புடவைக் கடைப் பஞ்செல்லாம் அதில் ஒரு போர்வையாகப் படிந்திருந்தது. மாற்றினோம். காற்று பலமாக வந்தது, குளிர் வரவில்லை. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் தட்டில் உப்பும் மணலும் ஒட்டியிருந்தன. கழுவினோம். மின்விசிறி ஒழுங்காகச் சுற்றியது. கொம்ப்ரெஸர் மட்டும் டக்கென்று பிடித்து, மூச்சு விடுவதற்குள் டக்கென்று விட்டது.

"கேஸ் குறைஞ்சா இப்பிடித்தான் மாமா, விட்டு விட்டுப் பிடிக்கும்."

"அப்ப அடிப்பம்."

"அது எங்க போச்சுதெண்டு முதல்ல பாக்கணும். டீசல் மாதிரி எரிஞ்சு முடியிற சாமானில்ல அது. எங்கயோ ஓட்டை இருக்கு."

"போனத விடு மகன். இப்ப நாளைக்கு ஓடினாப் போதும்."

என் கடையில் ஒரு சாரம் குறைந்தால், யார் எடுத்தது, எந்த வாசலால் போனது என்று தெரியாமல் நான் சோறு தின்ன மாட்டேன். அன்று கேட்கவில்லை.

அடுத்த நாள் காலையில் பாலத்தடியில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் றுவைஸிடம் போனேன். எங்கள் குடும்பத்தில் சொன்ன விலைக்கு ஒருவன் சாமான் வாங்கினால், காய்ச்சலா என்று நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார்கள்.

"ஏசி கேஸ் டின் இருக்கு காக்கா. எட்டாயிரம்."

"நாலு."

"நாலுக்கு நான் டின்னைத் தாரன். உள்ளுக்கு இருக்கிறத நீங்கதான் ஊதி நிரப்பணும்."

"உங்கட வாப்பா எங்கட கடையில என்ன விலைக்குப் புடவை எடுத்தவரெண்டு எனக்குத் தெரியும், றுவைஸ். நாலரை."

"அவர் மௌத்தாகி பதினாறு வருசம். இன்னும் அவர விட மாட்டீங்களா?"

நான் திரும்பி நடந்தேன். மூன்றாவது அடியில் கூப்பிடாத கடைக்காரன் இந்த ஊரில் பிறக்கவில்லை.

"காக்கா," என்றான். "நாலரைக்கு அந்த கேஸ் வராது. நாலரைக்கு ஒரு கேஸ் வரும். வேணுமா?"

"குளிர் வருமா?"

"குளிர் வரும்."

உள்ளே போய் ஒரு டின்னை எடுத்து வந்தான். அதோடு, டின்னின் வாயில் பொருத்த ஒரு சின்னப் பித்தளைத் துண்டையும் சும்மாவே தந்தான். நான் கடையில் எதையாவது சும்மா கொடுத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். றுவைஸுக்கு மட்டும் இருக்காது என்று அந்த நேரம் எனக்குத் தோன்றியது. வென்று விட்டேன் என்று விசிலடித்துக்கொண்டு வந்தேன்.

எஞ்சினை ஓடவிட்டு, ஏசியை முழுவதுமாகக் கூட்டி, தடித்த குழாயில் இருந்த மூடியைக் கழற்றி டின்னைப் பொருத்தினேன். டின் கைக்குள் விறைத்தது. உள்ளே ஸஜ்ஜாத் ஏசி வாயில் கையை வைத்துப் பார்த்தான்.

"ஐஸ் மாமா. ஐஸ் மாதிரி வருது."

"உன்ட ஓட்டை எங்க?"

அவன் சாப்பாட்டுச் சட்டிகளை ஏற்றப் போனான். என் மகள் ரிப்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து பின் சீற்றில் ஏறினாள். குளிர் போகாமல் இருக்கக் கண்ணாடி எல்லாவற்றையும் நானே ஏற்றிவிட்டேன். டின்னில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. காசு கொடுத்த சாமான் வீணாகக் கூடாதென்று மறுபடி பொனட்டுக்குள் தலையை விட்டேன்.

ரிப்கா கண்ணாடியை விரலளவு இறக்கினாள். "வாப்பா, நல்ல குளிர். ஆனா உம்மா குசினியில கேஸ மூட மறந்திட்டாவோ தெரியல்ல. இஞ்ச வரைக்கும் மணக்குது."

"பல்கீஸ்," என்று கூப்பிட்டேன், "குசினி கேஸப் பாருங்க."

"மூடித்தான் இருக்கு," என்று உள்ளிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "ரெண்டு தரம் பாத்திட்டன். உங்களுக்குத்தான் மூக்குல பிழை."

கண்ணாடி மறுபடி ஏறியது.

டின்னில் பனி பிடித்து, வேர்த்து, தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி ஒட்டியிருந்த கடதாசி ஊறி, என் பெருவிரலோடு மெல்ல வழுகி வந்தது. அதற்குக் கீழே இன்னொரு படம் அச்சாகியிருந்தது. ஒரு சின்ன அடுப்பு. அடுப்புக்கு மேலே நீலச் சுவாலை.

சுற்றுலா வருகிறவர்கள் கடற்கரையில் தேத்தண்ணி போடுகிற அடுப்புக்கான கேஸ் அது. நாலரைக்கு ஒரு கேஸ். அதன் டின் வேன் குழாயில் பொருந்தாது, அதற்குத்தான் அந்தப் பித்தளைத் துண்டு சும்மா வந்தது. குசினியிலிருந்து எந்த மணமும் வரவில்லை. ஸஜ்ஜாத் சொன்ன ஓட்டை வேனுக்குள்தான் இருந்தது. நான் ஊட்டிய அடுப்புக் கேஸ் அதன் வழியாக, மூடிய கண்ணாடிகளுக்குள், என் மகளின் காலடியில் நிறைந்துகொண்டிருந்தது.

தலையை நிமிர்த்தினேன். பல்கீஸ் முற்றத்தால் வந்துகொண்டிருந்தா. கையில் சாம்பிராணிச் சட்டி. சட்டி நிறையச் சிவந்த சிரட்டைத் தணல்.

இது எங்கள் வீட்டு வழக்கம். புதிதாகக் கடை திறந்தாலும், பிள்ளை முதல் பயணம் போனாலும், கதவைத் திறந்து உள்ளே புகை காட்டிவிட்டுத்தான் மற்றது. என் கடைக்கு வியாழக்கிழமைகளில் நானே காட்டுவேன். அன்று காலை, "வேனுக்கும் மறக்காமக் காட்டுங்க," என்று பல்கீஸிடம் சொன்னவனும் நான்தான்.

கத்தப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. நாற்பது வருடம் வாயால் பிழைத்தவன், அந்த இடத்தில் ஒரு எழுத்துக்கூட வராமல் வாயைத் திறந்தபடி நின்றேன். பல்கீஸ் இடது கையைக் கதவின் பிடியில் வைத்தா. நான் ஓடிப்போய்ச் சட்டியைப் பறித்தேன். அதற்குக் காம்பு இருந்தது. நான் பிடித்தது சட்டியை. இரண்டு உள்ளங்கையிலும் தோல் ஒட்டிக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது. அப்படியே வாசலைத் தாண்டி, றோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கத்துக் கழிவுநீர் ஓடும் கானுக்குள் போட்டேன்.

"இந்த மனுசனுக்கு என்ன பிடிச்சிருக்கு?" என்று பல்கீஸ் கத்தியது பின்னால் கேட்டது.

அப்போதுதான் குரல் வந்தது. "இறக்கு. பிள்ளைய இறக்கு. ஒரு சுவிட்சிலயும் கை வைக்காத."

ஸஜ்ஜாத் ஏன் என்று கேட்கவில்லை. கதவை இழுத்துத் திறந்து இருவரையும் சேர்த்து இழுத்தெடுத்தான். திறந்த கதவால் வந்த மணத்தைப் பல்கீஸ் முகர்ந்தா. தன் வெறும் கையைப் பார்த்தா. பிறகு முற்றத்து மண்ணிலேயே குந்திவிட்டா.

பிள்ளை விழிக்கவே இல்லை.

அன்றைக்கு அவர்கள் ஓட்டோவில், கச்சான் காற்றில், ஈரத் துணியால் பிள்ளைக்கு மறைப்புக் கட்டிக்கொண்டு போனார்கள். நான் கைகளை வாளித் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு வாசலில் இருந்தேன். ரிப்கா போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

கட்டுப் போட்ட கையோடு றுவைஸிடம் போனேன். அவன் முகம் வெளிறியது. ஆனாலும் சொன்னான்: "நான் ஒரு கேஸ் எண்டுதான் சொன்னனான் காக்கா. என்ன கேஸெண்டு நீங்க கேக்கல்ல. குளிர் வருமா எண்டு மட்டும்தான் கேட்டீங்க."

திட்டத்தான் போயிருந்தேன். ஆனால் என் கடையில் இந்த மாதிரிக் கதையை நான் எத்தனை பேரிடம் கதைத்திருப்பேன் என்று எண்ணத் தொடங்கி, இடையில் நிறுத்திவிட்டேன்.

வேனை டவுனிலுள்ள ஒரு ஏசிக்காரனிடம் இழுத்துக்கொண்டு போனோம். அவன் அந்தக் கேஸை வெளியே எடுத்து, டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் அரித்துப்போயிருந்த குளிர்ப்பெட்டியைக் காட்டி, என் வயதையும் பார்க்காமல் ஏசினான். பிறகு விலை சொன்னான். கொடுத்தேன். அவன் ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கிண்ணியா ஆள் கேட்ட விலையைக் கொடுத்தால் யாருக்கும் சந்தேகம் வரும்தானே.

அடுத்த வெள்ளி பிள்ளையை மருந்தெடுக்கக் கொண்டுபோனோம். ஏசி விறைக்க விறைக்க வந்தது. ரிப்கா ஏறி, குனிந்து காலடியில் மணந்து பார்த்தாள். பிறகு ஒவ்வொரு கண்ணாடியாக, நான்கையும் இறக்கினாள்.

"நல்ல கேஸ் மகள். கேட்ட விலைக்கே அடிச்சது."

"ஓம் வாப்பா," என்றாள். "அது பாட்டுக்கு ஓடட்டும்."

கச்சான் காற்று உள்ளே வந்தது. ஸஜ்ஜாத் வேனை எடுத்தான். நான் முன் சீற்றில் இருந்து, ஏசி வாயைப் பிள்ளையின் பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டே போனேன்.