பத்தொன்பது நாள் வனவாசம்

மண்ணிலிருந்து வந்த மனிதன் மண்ணின்மேல் தலைசாய்க்கும்போதுதான் முழு மனிதனாகிறான். கூரை என்பது கோழைகளின் கண்டுபிடிப்பு.

இந்த மகாவாக்கியத்தை ஒரு ஜனவரி மாத ஞாயிறன்று சாப்பாட்டு மேசையில் உதிர்த்த வெண்டல் ப்ரூபேக்கர், ஒஹாயோவின் லைமா ஊரில் மெத்தை விற்பவன். உதிர்த்தபோது வாயில் பாதி உருளைக்கிழங்கு இருந்தது. அவனுடைய சொந்த மெத்தை பதினான்கு அங்குல உயரம். பொத்தானை அமுக்கினால் தலைப்பக்கம் தானே எழும்பும். அவன் எழுப்பித்தான் படுப்பான்.

வாக்கியம் பிறக்கக் காரணம் மகள் ஹேட்டி. ஒன்பது வயது. புளோரிடாவில் 'பர்ட்டி கரடி உலகம்' என்று ஒரு கேளிக்கைப் பூங்கா. அதற்குள் ஒரு ஓட்டல். அறையிலிருந்தே சறுக்குமரம் ஏறி நீச்சல்குளத்தில் விழலாமாம். வசந்தகால விடுமுறைக்கு அங்கே போகலாமா என்று படத்தைக் காட்டினாள். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருக்கலாம். வெண்டலுக்கு அந்த இரண்டு சொற்களும் எப்போதும் போதியதில்லை.

"ஓட்டலா? ஓட்டல்ங்கிறது கூண்டு, கண்ணு. காசு குடுத்து யாராவது கூண்டுக்குள்ள போவாங்களா? அங்க மட்டும் கூடாரம் போட்டுத் தங்க ஒரு காடு இருந்தா, அப்பா நாளைக்கே கெளம்பிருவேன்."

அவன் மனைவி மார்னி பல் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளுக்கு நாள் குறித்துக் கொடுப்பவள். அவள் குறித்த நாளைப் பல்வலியே வந்து கெஞ்சினாலும் மாற்ற முடியாது. கைபேசியில் இரண்டு முறை விரலால் தள்ளினாள்.

"இருக்கே," என்றாள்.

"என்ன இருக்கு?"

"காடு."

பூங்காவுக்குள்ளேயே இருந்தது அந்தக் காடு. மரத்துக்கு மரம் மின்கம்பம், கூடாரத்துக்கு ஒரு தொலைக்காட்சி இணைப்பு, குளிரூட்டிய கழிப்பறை, சுற்றிவர வாடகைக்குக் குட்டி வண்டி. சில்வண்டுச் சத்தத்துக்குக்கூடப் பிளாஸ்டிக் பாறைகளுக்குள் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். இதையெல்லாம் மார்னி வாசிக்க வாசிக்க, வெண்டல் முட்கரண்டியால் ஒரே பட்டாணியைத் தட்டு முழுக்கத் துரத்திக்கொண்டிருந்தான். மறுநாள் காலை ஆறு மணிக்கு முன்பதிவு திறந்தது. ஆறு மணி ஒரு நிமிடத்துக்கு மார்னி பதிந்து முடித்தாள்.

அன்றே ஹேட்டி வண்ணக் காகிதத்தை வளையம் வளையமாக ஒட்டி, அறுபது கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலி செய்து சமையலறையில் தொங்கவிட்டாள். நாளுக்கொரு கண்ணி கிழிக்க வேண்டும். சங்கிலி தீர்ந்தால் பயணம். காலை காலையாக, வாயில் பால் சொட்டச் சொட்ட, அவள் ஒன்றைக் கிழிப்பாள். எந்தச் சங்கிலியும் குறையக் குறையக் கட்டுண்டவனுக்கு விடுதலை. இந்தச் சங்கிலி மட்டும் குறையக் குறைய இறுகியது.

ஏனென்றால் வெண்டல் தன் வாழ்நாளில் ஒரு இரவுகூடக் கூடாரத்தில் தூங்கியவன் இல்லை.

ஆனால் ஊருக்குத் தெரிந்தது வேறு. பதினான்கு வயதில், வயோமிங் மலைக்காட்டில், ஒற்றைக் கத்தியோடு பத்தொன்பது நாள் தன்னந்தனியாக இருந்தவன் அவன். கரடியைக் கண்ணுக்குக் கண் பார்த்துத் திருப்பி அனுப்பியவன். மார்னியை முதன்முதலில் சாப்பிட அழைத்துப்போன அன்று, அவள் அண்ணன் மான் வேட்டைக்காரன் என்று தெரிந்ததும், தன் பங்குக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று அவன் அவிழ்த்துவிட்ட கதை அது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் விருந்திலும் வான்கோழி சிறுத்தது, கரடி வளர்ந்தது. கத்தி இப்போது வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. அவன் மேலாளராக இருக்கும் மெத்தைக் கடையில் திங்கள்தோறும் 'வயோமிங் கற்றுத்தந்தவை' என்று ஊழியர்களுக்குப் பத்து நிமிடம் பேசுவான். மூன்றாம் வகுப்பில் 'என் நாயகன்' என்ற தலைப்பில் ஹேட்டி எழுதிய கட்டுரையும் அதுதான். ஆசிரியை அதற்கு ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டியிருந்தார். மற்றவர்களைக்கூடச் சமாளிக்கலாம்; அந்த நட்சத்திரத்தை எப்படிப் பிய்ப்பது என்பதுதான் வெண்டலுக்குத் தெரியவில்லை.

நாற்பத்து நான்கு கண்ணிகள் மிச்சமிருந்தபோது பூங்காவிலிருந்து ஒரு படிவம் வந்தது. மார்னி வாசித்தாள்.

"'குடும்பத் தலைவரின் கூடார அனுபவம்: முதல் முறையா, பழக்கமுண்டா, நிபுணரா?' முதல் முறைன்னா அவங்களே ஆள் அனுப்பிக் கூடாரம் போட்டுத் தருவாங்களாம். இலவசம்."

தேவதூதனே இறங்கிவந்து கையை நீட்டியது போலிருந்தது வெண்டலுக்கு. "அப்படியா? அது... மோசமில்லையே."

"நமக்கெதுக்கும்மா அது?" என்றாள் ஹேட்டி. "அப்பாதான் நிபுணராச்சே."

மார்னி அவனைப் பார்த்தாள். ஹேட்டியும் பார்த்தாள். நுணல் தன் வாயால்தான் கெடும் என்பார்கள். வெண்டல் இந்த முறை வாயைத் திறக்கவே இல்லை. தலையை மட்டும் ஆட்டினான். அதுவே போதுமானதாக இருந்தது.

அதன்பின் சாக்குக்கு முதலைகளை இழுத்துப் பார்த்தான். "புளோரிடாவுல குட்டைக்குக் குட்டை முதலை, மார்னி."

"வலை போட்டிருக்காங்க."

"எனக்கு முதுகு வேற கொஞ்சம்..."

"மண்ணுல படுத்தா சரியாயிரும்னு நீதான சொன்ன?"

சட்டைகள் வந்தன. மூவருக்கும் ஒரே பச்சை நிறம். மற்ற இருவர் சட்டையில் 'ப்ரூபேக்கர் படை' என்று மட்டும்; அவனுடையதில் முதுகு முழுக்க ஒரு கரடி, அதன் கீழே 'என்னைக் கண்டு அது ஓடியது'.

இருபது கண்ணிகள் இருக்கையில் மார்னியின் அண்ணன் ரஸ், மூட்டையொன்றைத் தோளில் சுமந்து வந்து கூடத்தில் பொத்தென்று போட்டான். எட்டுப் பேர் படுக்கும் கூடாரம்.

"என் சீர்வரிசைனு வச்சுக்க, மாப்ள. வயோமிங்ல உனக்கு இதெல்லாம் இருந்திருக்காது. பட்டையையும் தழையையும் கட்டித்தான படுத்த?"

"தழை, மச்சான். தழைதான்," என்றான் வெண்டல்.

"அடுத்த ஞாயித்துக்கெழமை ஒரு மணிக்கு எங்க வீட்டுப் பின்னாடி வந்து போட்டுக் காட்டு. கறி சுடறேன். அக்கம்பக்கத்துல எல்லாரையும் கூப்ட்டாச்சு. நீ பத்து நிமிஷத்துல போட்டுருவன்னு பந்தயமே நடக்குது, தெரியுமா?"

"யாரு பந்தயம் கட்டுனது?"

"உன் பொண்ணு."

அந்த ஞாயிறும் வந்தது. சங்கிலியில் பதின்மூன்று கண்ணிகள். சரக்குக் கணக்குப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, காலை பத்து மணிக்கே வெண்டல் மூட்டையோடு கடைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை கடை பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும். இரண்டு மணி நேரம் ஒத்திகை பார்த்தால் உலகத்தை ஏமாற்றிவிடலாம் என்பது அவன் கணக்கு. கடையின் பின்கோடியில், இரட்டைக் கட்டில்களுக்கு அப்பால், கொஞ்சம் இடம் இருந்தது. இருந்த ஒரே தடங்கல் தரையில் கிடந்த ஒரு காட்சி மெத்தை. அதை நகர்த்த மனம் வரவில்லை. அதைச் சுற்றியே கூடாரத்தைப் போடத் தொடங்கினான்.

வழிகாட்டித் தாளில் பதினெட்டுப் படிகள், பன்னிரண்டு மொழிகளில். ஒன்பதாம் படியில் கழி ஒன்று துள்ளி அவன் மூக்கில் அடித்தது. அதோடு தாளைக் கசக்கி எறிந்தான். ஒருவழியாகப் பதினொன்றேகாலுக்குக் கூடாரம் நின்றது. குடித்தவன் நிற்பதுபோல நின்றாலும் நின்றது. எதற்கென்று தெரியாத சில துணிகள் பின்பக்கம் தொங்கின. அழகுக்குப் போலும் என்று விட்டுவிட்டான். உள்ளே போய், ஒரு நிபுணனின் நிதானத்தோடு ஜிப்பைச் சர்ரென்று இழுத்து மூடி, மெத்தையில் மல்லாந்தான். சுகமாகத்தான் இருந்தது. கூடாரத்தில் படுத்தவன் என்று இனி எவன் முன்னாலும் சொல்லலாம்.

எழுந்து ஜிப்பைத் திறந்தான். திறக்கவில்லை.

ஓரத்துணி பல்லுக்குள் மாட்டியிருந்தது. மேலே இழுத்தான், இன்னும் கொஞ்சம் துணியைத் தின்றது. கீழே இழுத்தான், கைப்பிடி கையோடு வந்தது. கைபேசி கல்லாமேசை மேல் இருந்தது. கிழிக்கலாமென்றால் மச்சான் கொடுத்த சீர், கிழிக்கவோ கத்தியுமில்லை. வயோமிங்கைக் கடந்துவந்ததாகச் சொல்லப்பட்ட கத்தி, வரவேற்பறையில், கண்ணாடிக்குப் பின்னால். ஆப்பசைத்த குரங்குபோல வெண்டல் மெத்தையின் நடுவில் உட்கார்ந்தான்.

பன்னிரண்டுக்குக் கதவு திறந்தது. ஓபல் அம்மாள். இருபது வருடமாக அந்தக் கடையில் மெத்தை விற்கிறவர். கூப்பிட்டால் ஒரு நொடியில் வெளியே வந்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் முன்வரிசையில் உட்கார்ந்து 'வயோமிங் கற்றுத்தந்தவை'க்குக் குறிப்பெடுப்பவரும் அவர்தான். அவர் கழிப்பறைக்குப் போகும்வரை காத்திருக்கலாம், பிறகு ஏதாவது செய்யலாம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டான். அந்த அம்மாள் போவதாக இல்லை.

"அடடே, தலைமையகத்துல புதுசா என்னமோ யோசிச்சிருக்காங்க," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு ஓர் அட்டையில் எழுதி, கூடாரத்தின்மேல் குத்தினார். துணியின் வழியே எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தன. 'காட்டிலும் கட்டில் சுகம். இன்று மட்டும் தள்ளுபடி.'

ஆட்கள் வந்தார்கள். தேவாலயம் முடிந்து வருகிற கூட்டம். சிலர் கூடாரத்தைத் தட்டிப் பார்த்தார்கள். ஒரு குழந்தை துணிக்கு வெளியே அவன் முழங்காலுக்கு நேரே ஐஸ்கிரீமைத் துடைத்தது. வெண்டல் அசையவில்லை. ஒரு பதினைந்து நிமிடம் முன்னால் கூப்பிட்டிருந்தால் ஒருவருக்குப் பதில் சொன்னால் போதும். இப்போது இருபது பேருக்கு. நேரம் ஆக ஆக ஜிப் இருந்த இடமெல்லாம் சுவராகிக்கொண்டிருந்தது.

அப்போது அந்தக் குரல் கேட்டது.

"மாப்ள! கறி கருகுது, இங்க என்னய்யா பண்ற?"

"மூட்டையக் காணோம், கைபேசி கடையில இருக்குன்னு காட்டுது," என்றாள் மார்னி. "வெண்டல்? உள்ளயா இருக்க?"

"ம்," என்றது கூடாரம்.

"ஐயோ, நம்ம மேனேஜரு!" என்றார் ஓபல் அம்மாள்.

"உள்ள என்ன, முட்டை போடறியா?" ரஸ் ஜிப்பை வெளியிலிருந்து இழுத்தான். "மாட்டிக்கிச்சு மார்னி! கரடியையே வெரட்டுன ஆளு, ஜிப்புகிட்ட மாட்டிக்கிட்டாரு!"

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பை ஒரு சின்னக் குரல் வெட்டியது.

"எங்கப்பா மாட்டல. சும்மா இருக்காரு. கரடி பக்கத்துல வந்தா அசையாம இருக்கணும். அதைத்தான் செஞ்சு காட்டுறாரு." ஹேட்டி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டாள் என்பது குரலிலேயே தெரிந்தது. "வயோமிங்ல பத்தொன்பது நாள் இப்படித்தான் இருந்தாரு. பதினோரு அடிக் கரடி. மோந்து பாத்துச்சு. அப்பா கண்ணச் சிமிட்டல. அப்புறம் அது அவரு கையில முத்தம் குடுத்துட்டுப் போயிருச்சு."

முத்தம் அவன் சொன்னதில்லை. அதை அவளே சேர்த்திருந்தாள். பரம்பரைச் சொத்து.

"அப்பா, நீங்களே சொல்லுங்க இவங்ககிட்ட," என்றாள். "அப்பா?"

பந்தயம் கட்டியவள். தங்க நட்சத்திரம் வாங்கியவள். பூங்காவுக்குப் போனால், பதின்மூன்று நாள் கழித்து, இதையே இன்னும் பெரிய கூட்டத்தின் முன்னால் சொல்வாள். அப்போதும் அவன் துணிக்குப் பின்னால்தான் இருப்பான்.

"ஹேட்டி," என்றான் வெண்டல். "அப்பா காட்டுல இருந்ததில்லம்மா. ஒரு நாளும் இல்ல. உன் பாட்டிக்கு ஆபரேஷன்னு என்னை வயோமிங்ல, ஜாக்சன்ங்கிற ஊர்ல, பெரியம்மா வீட்டுக்கு அனுப்புனாங்க. பத்தொன்பது நாள். சோஃபாவுல படுத்து டிவி பாத்தேன். கரடி வந்தது நெசம். தெருவுல குப்பைத்தொட்டியக் கவுத்துச்சு. நான் ஜன்னல் வழியாப் பாத்தேன். ஜன்னலச் சாத்திட்டுத்தான் பாத்தேன். கத்தி, இங்க பக்கத்துல பழைய சாமான் கடையில வாங்குனது. எனக்குக் கூடாரம் போடத் தெரியாது. மாட்டிக்கிட்டேன்."

ரஸ் சிரிக்கத் தொடங்கி, விலாவில் ஏதோ இடி விழுந்ததுபோலப் பாதியில் நிறுத்தினான். அடுத்து மார்னியின் குரல், மருத்துவமனையில் பேசும் அதே குரல்:

"பூங்காப் படிவத்துல 'முதல் முறை'ன்னு மாத்திட்டேன். போய் எறங்குற அன்னிக்கு மூணு மணிக்கு ஆள் வந்து போட்டுத் தருவாங்க. சட்டையத்தான் திருப்பி அனுப்ப முடியாது. அதப் போட்டுத்தான் ஆகணும் நீ."

ஹேட்டியின் குரல் வரவில்லை. வெண்டல் துணிச்சுவரில் காதை வைத்தான். போய்விட்டாள் என்று நினைத்தான். காருக்குள் போய் அழுதுகொண்டிருப்பாள்.

மெத்தை லேசாக அமுங்கியது. காலணியோடு காலை மடித்து, அவனுக்குப் பின்னால் ஹேட்டி உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"குப்பைத்தொட்டியில அது என்னப்பா தின்னுச்சு?"

"பீட்சா," என்றான் வெண்டல். "அட்டையோட." பிறகுதான் உறைத்தது. "நீ எப்படி உள்ள வந்த?"

அவள் பின்பக்கம் கைகாட்டினாள்.

கூடாரத்துக்கு இரண்டு வாசல்கள். பின்வாசலை அவன் மூடவே இல்லை.