அழாத பிள்ளை

பள்ளியில் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் கடுகு. உருவமும் அப்படி, வெடிப்பதும் அப்படி. மகப்பேறு விடுப்பு முடிவதற்கு வெகு முன்பே நான் திரும்பி வந்த அன்று ஆசிரியர் அறையில் பேச்சு சட்டென்று நின்றது. "டீ குடிக்கிறியா?" என்றார்கள். அதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் குழந்தையே பிறக்கவில்லை என்பதுபோல் நடந்துகொண்டார்கள். ஆத்திரமாக வந்தது.

எச்.எம். மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டு நேராகப் பேசினார். "பத்தாம் வகுப்புக்கு இப்போ தாய்ப்பால் பாடம். பி.டி. டீச்சர எடுக்கச் சொல்லட்டுமா?"

"அவங்க விசில் ஊதித்தான் பால் குடுக்கச் சொல்லுவாங்க. நானே எடுக்குறேன் மேடம்."

அவர் சிரிக்கவில்லை. "நான் பின்னாடி உக்காந்து பாக்குறேன். உன்னால முடியலன்னு தெரிஞ்சா வீட்டுக்குப் போயிடணும். அடுத்த வருஷம் வந்தா போதும்."

வீட்டில்தான் அந்த அழுகை இருந்தது. குக்கர் சத்தத்துக்கும் குழாய்ச் சத்தத்துக்கும் அடியில், பசித்த பச்சைக் குழந்தையின் அழுகை. "மேல் வீட்டுலயும் குழந்தை இல்ல, கீழ் வீட்டுலயும் இல்ல. நீ எதைக் கேக்குற?" என்பார் கணவர். எங்கள் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. அது அழவே இல்லை. ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டதும் மார்பு கனத்துச் சட்டை நனைந்துவிடும். பாலுக்கு யாரும் சேதி சொல்லவில்லை போலிருக்கிறது. அந்த அழுகையோடு ஒரு வருடம் தனியாக இருக்க எனக்குப் பயமாக இருந்தது. எப்பாடு பட்டாவது இந்தப் பாடத்தை முடித்தாக வேண்டும்.

வெள்ளைக் கோட்டுக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு வகுப்புக்குள் போனேன். மேசைமேல் பொம்மை கிடந்தது. பிறந்த குழந்தையின் கனம் வேண்டும் என்று போன வருடம் நான் கேட்டதற்காக, லேப் அண்ணன் அதன் வயிற்றில் மணலை அடைத்துத் தைத்திருந்தார். தூக்கினேன். அதே கனம். ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தடவை கையில் வாங்கியிருக்கிறேன்.

பலகையில் 'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்று எழுதினேன்.

"இது பழமொழி. பாடம் வேற. அழுகைதான் பசியோட கடைசி அறிகுறி. அதுக்கு முன்னாடியே குழந்தை வாயத் திறக்கும், தலையத் திருப்பித் தேடும், கைய வாயில வைக்கும். அழுற வரைக்கும் காக்க வைக்கக் கூடாது."

பின்னால் ஒருவன் சிரித்தான்.

"என்னடா இளிப்பு? நீ மட்டும் பொறந்த அன்னைக்கே தட்டைப் போட்டு உக்காந்துட்டியா?"

வகுப்பே சிரித்தது. கடுகு வெடித்ததில் எல்லோருக்கும் நிம்மதி, எனக்கும்தான்.

முதல் பெஞ்சில் ஒரு வாயாடி உண்டு. வீட்டுப்பாடம் செய்யாமல் பொய் சொல்லும்போதெல்லாம் காது சிவந்து மாட்டிக்கொள்கிறவள். அவளைக் கூப்பிட்டுப் பொம்மையைக் கொடுத்தேன். கழுத்தை முறுக்காமல், தலையும் உடம்பும் ஒரே நேராக, வயிற்றோடு வயிறு ஒட்டப் பிடிக்கச் சொன்னேன். நன்றாகவே பிடித்தாள். சீம்பாலைப் பிழிந்து கொட்டக் கூடாது என்றேன். ஆறு மாதம்வரை தண்ணீர்கூட வேண்டாம், தாய்ப்பால் போதும் என்றேன். பால் மறக்கடித்தல் என்ற தலைப்பு மட்டும்தான் பாக்கி. 'பால் மற' என்று எழுதும்போது சாக்பீஸ் ஒடிந்தது.

"டீச்சர், குழந்தைக்கு மறக்கடிக்கிறாங்க, சரி. அம்மாவுக்கு யாரு மறக்கடிப்பாங்க?" என்றாள் வாயாடி, பொம்மையின் முதுகைத் தட்டிக்கொண்டே.

அப்போது கேட்டது. வீட்டில் கேட்ட அதே அழுகை, இங்கே, கதவுக்கு வெளியே.

"யாரு அழுறது?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

எச்.எம். எழுந்து போய்க் கதவுக்கு வெளியே இரண்டு பக்கமும் பார்த்தார். "யாரும் இல்லையே," என்றார் மெதுவாக. அவர் பார்வை என் கோட்டின் மேல் நின்றது. குனிந்து பார்த்தேன். கோட்டையும் தாண்டி நனைந்திருந்தது. அவ்வளவுதான், வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"எனக்கும் கேட்டுச்சு மேடம்," என்றாள் வாயாடி.

"என்ன கேட்டுச்சு?"

"குழந்தை அழுற சத்தம்."

"எனக்கும் மேடம்," என்றான் இளித்தவன். "எனக்கும்," "எனக்கும்," என்று பெஞ்சு பெஞ்சாகக் குரல் எழுந்தது. அவர்கள் சொன்னது பொய் என்று எச்.எம்.முக்கும் தெரியும். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

"பாடத்தை முடிங்க, டீச்சர்."

முடித்தேன். மணி அடித்தது, எல்லோரும் போனார்கள். வாயாடி மட்டும் பொம்மையை மேசைமேல் வைக்காமல் என்னிடம் வந்தாள்.

"பொண்ணா, பையனா டீச்சர்?"

இத்தனை நாளில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

"பொண்ணு," என்றேன்.

அவள் கதவுப் பக்கம் தலையைச் சாய்த்துக் காதுகொடுத்தாள். அவள் காதைப் பார்த்தேன். சிவக்கவே இல்லை.

"இன்னும் அழுறா, டீச்சர்," என்றாள்.

"தெரியும்மா," என்று பொம்மையை வாங்கிக்கொண்டேன்.