யாரும் பார்க்காத பாம்பு

மணவாளன் அண்ணனின் வலது காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்துக் கழுவினான். விரலிடுக்குகளில் சேறு காய்ந்திருந்தது. ஒவ்வொரு இடுக்கையும் விரித்துப் பார்த்தான். குதிகாலில் வெடிப்பு. கணுக்காலில் பழைய முள் தழும்பு. பல் பட்ட இடம் எதுவும் இல்லை.

“இன்னாடா தேடற? தண்ணிய ஊத்து, நேரமாவுது” என்றார் சின்னப்பிள்ளை. பங்காளி முறையில் பெரியப்பா.

அண்ணன் தணிகைவேலுக்கு நாற்பத்து மூன்று வயது. ஒல்லி. பீடி தொட்டதில்லை. சாராயக்கடைப் பக்கம் சைக்கிளைத் திருப்பியதில்லை. காலையில் மடை திறக்கப் போனவர், வரப்பில் உட்கார்ந்து இடது தாடையைப் பிடித்துக்கொண்டு வியர்த்துக் கொட்டினார். அப்படிப்பட்ட உடம்பு வரப்பில் சாய்ந்தால் பாம்பைத் தவிர வேறு எதை நினைப்பது? ஆஸ்பத்திரிக்குப் போகாமல், விஷக்கடிக்கு மந்திரிக்கிறவர் வீட்டுக்கு வண்டியை ஓட்டியது மணவாளன்தான்.

அங்கே வேப்பிலை கொடுத்தார்கள். விஷம் ஏறியவனுக்கு அது கசக்காது என்பது கணக்கு. தணிகைவேல் மென்றார். முகத்தைச் சுளித்துத் துப்பினார்.

“கசக்குதுடா மணவாளா.”

விஷம் இன்னும் நாக்குக்கு வரவில்லை என்று மந்திரிக்கிறவர் தொடர்ந்தார். ஒரு மணி நேரம் போயிற்று. பாகூர் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது, இறக்குவதற்கு அவசரம் ஏதும் இல்லாமல் போயிருந்தது.

டாக்டர் சின்ன வயதுக்காரர். காலைப் பார்த்தார். இமையைத் தூக்கிப் பார்த்தார். பீடி, குடி, சர்க்கரை, பிரஷர் என்று வரிசையாகக் கேட்டார். மணவாளன் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

“நெஞ்சுலதான் கோளாறு வந்திருக்கும். உங்க அப்பா இருக்காரா?”

“இல்லீங்க. நாப்பத்திநாலு வயசுல பூட்டாரு. பாம்பு கடிச்சி.”

“பாம்ப யாரு பாத்தாங்க?”

அப்போது மணவாளனுக்கு வயது ஒன்பது. அவன் யாரையும் கேட்டதில்லை.

“விசாரிங்க. அதுவும் நெஞ்சா இருந்தா, நீங்களும் இவர் பிள்ளையும் புதுச்சேரிக்குப் போய் மிஷின்ல படம் எடுத்துப் பாக்கணும். எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாட்டியும் சில குடும்பத்துல இது வரும்.”

திரும்பி வரும்போது வண்டியில் அண்ணன் கிடந்தார். அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. அழவேண்டும் என்று மணவாளனுக்குத் தெரிந்தது. கேள்வி விடவில்லை.

குளிப்பாட்டி முடிந்ததும் உள்ளே போனான். அப்பாவின் தங்கை தையலம்மாள் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

“ஒழுங்கா இருந்தவன் படுத்துக்கினான். பீடி குடிக்கிறவன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறான்” என்றாள் அவனைப் பார்த்து.

“அத்தை, அப்பாவக் கடிச்ச பாம்ப நீ பாத்தியா?”

“எழவு வூட்டுல கேக்கற கேள்வியாடா இது?”

“சொல்லேன்.”

“நா எங்க பாத்தேன்? கூழு எடுத்துக்கினு போறேன், உங்க அப்பன் வரப்புல குந்தினு கீறான். சின்னப்பிள்ளைதான் பாம்பு பாம்புன்னு கத்துனாரு.”

மணவாளன் வாசலுக்கு வந்தான். சின்னப்பிள்ளை தென்னங்கீற்றை மடித்துப் பாடையில் கட்டிக்கொண்டிருந்தார்.

“நானா? உங்க அத்தை வயித்துல அடிச்சிக்கினு ஓடியாந்துது. அய்யோ, பாம்பு புடுங்கிடிச்சேன்னுது. அதக் கேட்டுத்தான்பா நா கத்துனேன்.”

“பொய் சொல்லாத!” உள்ளேயிருந்து குரல் வந்தது. “பாடை கட்டற கை அழுவிப்பூடும்!”

“அழுவட்டும்! மொதல்ல கத்துனது நீயா, நானா?”

ஒப்பாரி வைத்த பெண்கள் நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். தணிகைவேலின் மனைவி அம்சவள்ளி தலையை நிமிர்த்தினாள்.

“அப்ப யாருமே பாக்கல” என்றான் மணவாளன்.

“பாக்கலன்னா கடிக்கலன்னு ஆயிடுமா? உங்க தாத்தனையும் அதான் கொண்டுபோச்சி.”

“அத யாரு பாத்தாங்க?”

தையலம்மாள் எழுந்து வாசற்படிக்கு வந்தாள்.

“வெள்ளிக்கிழம தவறாம புத்துக்குப் பால் ஊத்தறோம். அப்பவும் அதுக்கு ஆத்திரம் தீரல. இனிமே நீயும் ஜெகநாதனும்தான்டா இந்த வூட்டு ஆம்பள. கருமாதிக்குள்ள நாகக்கல்லு வச்சிடணும்.”

ஜெகநாதன் அண்ணனின் ஒரே மகன். இருபது வயது. நாவிதருக்கு எதிரே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

“அத்தை, அப்பா குந்தினு இருந்தப்ப கைய எங்க வச்சிருந்தாரு?”

“கையா?” அவள் யோசித்தாள். அவளுடைய கை தானாக எழுந்து இடது தாடையில் போய் நின்றது. “பல்லு வலிக்காரனாட்டம்…”

கையை அவள் எடுக்கவில்லை.

மறுநாள் பால் தெளித்து, எலும்பு பொறுக்கிக் கரைத்துவிட்டு வந்ததும், மணவாளன் ஜெகநாதனை வேறு சட்டை போட்டுக்கொள்ளச் சொன்னான்.

“தீட்டோட எங்கடா கிளம்பறீங்க? ஊரு இன்னா பேசும்?” என்றாள் தையலம்மாள்.

“புதுச்சேரிக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்கு.”

“கல்லு வைக்கறதுக்கு ஆள் பாக்கச் சொன்னா…”

“கூட்டிக்கினு போங்க” என்றாள் அம்சவள்ளி. நேற்றிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். “ரெண்டு பேரும் பாத்துக்கினு வாங்க.”

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. ஜெகநாதன் அதில் உட்கார்ந்தான்.

“எனக்கு ஒண்ணும் இல்லியே சித்தப்பா.”

“உங்க அப்பனுக்கும் ஒண்ணும் இல்ல.”

ஜெகநாதன் வெளியே திரும்பிக்கொண்டான். கிருமாம்பாக்கம் தாண்டியதும் தூங்கிவிட்டான். முந்தின நாளும் இரவும் அவன் கண்மூடவில்லை.

மழித்த தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்து ஆடியது. காதுக்குச் சற்று மேலே, மெல்லிய நரம்பு ஒன்று புடைத்துத் துடித்தது. அடங்கியது. மறுபடி துடித்தது.

கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார். மணவாளன் விரலை உயர்த்தி அவரைப் பொறுக்கச் சொன்னான். பார்வையை எடுக்கவில்லை.