நத்தை பூட்டிய மோரிஸ்

தாராவியில் தளவாயை மெக்கானிக் என்று நாலு பேர் கூப்பிட்டதற்கு அவன் கைவித்தை காரணமல்ல. அவன் ஷெட் வாசலில் ஒரு மோரிஸ் மைனர் கார் வந்து நிற்கும், அதுதான் காரணம். அதற்கு முன்னால் அவன் எண்ணெய் டிரம்மை வெட்டித் தகரமாக அடிக்கிறவன். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை சம்மட்டி பிடித்தால் சோற்றைப் பிசைய விரல் மடங்காது. பெண்டாட்டி பேராச்சிதான் உருட்டி வாயில் வைப்பாள். "பெத்த பிள்ளைக்குக்கூட இப்படி ஊட்டினதில்ல" என்று ஒவ்வொரு உருண்டைக்கும் ஒருதரம் சொல்லுவாள்.

கார் மாதுங்கா சங்கரனுடையது. செம்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினீயர், கல்யாணமாகாதவன். அவன் மாமா லண்டனுக்குக் குடிபோகும்போது தலையில் கட்டிவிட்டுப் போன வண்டி. ஒருநாள் சயான் ரோட்டில் நட்டநடுவே படுத்துவிட்டது. அந்த வழியாகத் தகரம் சுமந்து வந்த தளவாய் ஒரு துண்டுக் கம்பியை எங்கேயோ சொருகினான். அது எங்கே என்று அவனுக்கே தெரியாது. வண்டி கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து அவன் மெக்கானிக், வாரத்துக்கு இரண்டு நாள் அந்தக் கார் நோயாளி. குழாயடியில் பேராச்சிக்கு இடம் விட்டார்கள். "மெக்கானிக் வீட்டுக்காரி வாறா, குடத்தை நகட்டு" என்று ஒருத்தி சொன்னதைப் பேராச்சி வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சொல்லிக் காட்டினாள்.

அந்தக் கார்தான் போகப் பார்த்தது.

"இந்த ஓட்டையை வித்துடலாம்னு இருக்கேன் தளவாய்" என்றான் சங்கரன், டிரம் மேல் உட்கார்ந்துகொண்டு. "அமெரிக்காவிலே கம்பெனிக்காரனே டர்போ வெச்சு ஸ்போர்ட்ஸ் கார் விட்டுட்டான். மேகசின்லே படம் போட்டிருக்கு. நம்ம ஊர் கம்பெனியும் போடப்போறானாம், அத்திம்பேர் சொல்றார். இதை வித்த பணத்தைக் கட்டி எழுதி வெச்சுட்டா ரெண்டு வருஷத்திலே வந்துடும். மிஞ்சினா மூணு."

அத்திம்பேர் என்பது சங்கரனுடைய அக்கா புருஷன் வேங்கடசுப்ரமணியன். காத்திருப்பதில் அவரை அடிக்க பம்பாயில் ஆள் கிடையாது. ஸ்கூட்டருக்கு எழுதிப்போட்டு ஆறு வருஷமாகப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்.

மறுபடி சம்மட்டிதான் என்று நினைத்ததும் தளவாய்க்குத் தோள்பட்டை இப்போதே வலித்தது. "டர்போன்னா என்ன சார்?"

சங்கரன் படம் போட்டு விளக்கினான். இன்ஜின் விடுகிற புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சக்கரம் இன்னொரு சக்கரத்தைச் சுற்றும். அது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். தளவாய்க்குப் புரிந்தது இவ்வளவுதான்: கொல்லன் துருத்தி. ஆள் மிதிப்பதற்குப் பதில் புகையே மிதிக்கிறது.

"இதுக்கா சார் மூணு வருஷம்? நான் போட்டுத் தாரேன்."

"இதுக்கு முன்னாடி போட்டிருக்கியா?"

"ரெண்டு மூணு வண்டிக்கு."

வாய் கூசாத புளுகு. சங்கரனும் நம்பவில்லை, ஆனால் ஆசை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை டிராம்பே போகிற வழியில் உள்ள மலை ஏற்றத்தில் டாப் கியரிலேயே ஏறினால் வண்டியை விற்பதில்லை, தளவாயே பார்த்துக்கொள்ளட்டும். ஏறாவிட்டால் திங்கட்கிழமை விற்பனை. அப்படிப் பேசி முடித்தார்கள்.

பழைய இரும்பு வியாபாரி அப்துல் வாஹித் தளவாயின் ஊர்க்காரன். கப்பல் உடைக்கிற தாருகானாவில் குவியலைக் கிளறி, மூன்றாம் நாள் ஒரு சாக்கோடு வந்தான். சாக்கைக் கொட்டினால் பெரிய இரும்பு நத்தை மாதிரி ஒன்று விழுந்தது.

"நீ சொன்ன சாமான் இதுதான் மச்சான். எந்தக் கப்பல்ல இருந்ததுன்னு கேக்காத. நானும் கேக்கல."

"இது சுத்துமாவே?"

"ஊதிப் பாரு."

தளவாய் ஊதினான். உள்ளே சக்கரம் சுற்றியது. முகம் முழுக்கத் துரு வந்து அப்பியது. "சுத்துது" என்று துப்பிக்கொண்டே சொன்னான்.

நத்தையைப் பூட்டினபிறகு பானெட் மூடவில்லை. அதைக் கயிறு போட்டுக் கட்டினான். காற்று இழுப்பதற்கு டிரம் தகரத்தில் ஒரு குழாய் செய்து, முன்பக்கக் கம்பி ஜாலியை அறுத்து வெளியே நீட்டிவிட்டான். நாதஸ்வர அணசு மாதிரி வாய் அகலமாக, விளிம்பு மடித்து, பார்க்க அவ்வளவு அழகு. வண்டி முழுக்க ஒழுங்காக இருந்த வேலை அது ஒன்றுதான். தகரத்தைத் தொட்டால் அவன் கை பொய் சொல்லாது. அதை அவனிடம் சொன்னால் கோபம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியைக் கிளப்பினதும் அது விசில் அடித்தது. தோல் கிடங்கு நாய்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடின. சந்து முழுக்க வந்து நின்று பார்த்தது.

"இம்புட்டுக் கண்ணும் ஒரே இடத்துல விழுது, பாத்திட்டு நிக்கிறிய" என்றாள் பேராச்சி. சந்து முனையில் மராட்டிக்காரியிடம் ஓடி, எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த திருஷ்டிச் சரம் ஒன்று வாங்கி வந்தாள். பம்பாயில் அது இல்லாமல் டாக்ஸிகூட நகராது. எங்கே கட்டுவது என்று பார்த்தாள். தகரக் குழாயின் விளிம்பு வாகாக இருந்தது.

"நல்லா இறுக்கிக் கட்டுட்டி, அறுந்து விழுந்திரப் போவுது" என்றான் தளவாய்.

சங்கரன் ஓட்ட, தளவாய் பக்கத்தில். பின்சீட்டில் அத்திம்பேர், ஒரு கையில் குடை, மறு கையில் காபி பிளாஸ்க்.

"கம்பெனிக்காரன் போட்டான்னா டெஸ்ட் பண்ணிப் போடுவான் சங்கரா. இது ஷெட்டிலே போட்டது."

"உங்க ஸ்கூட்டர் வந்திருச்சா சார்?" என்றான் தளவாய், திரும்பாமல்.

"வரும்."

"அதையும் டெஸ்ட்தான் பண்ணிக்கிட்டு இருக்கான் போல."

அத்திம்பேர் பிளாஸ்க் மூடியைத் திருகி இறுக்கினார்.

ஏற்றம் வந்தது. சங்கரன் டாப் கியரிலேயே காலை அழுத்தினான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மாட்டுவண்டி ஒன்று கூடவே வந்தது. வண்டிக்காரன் உள்ளே எட்டிப் பார்த்தான். தளவாய் பேராச்சி கும்பிடுகிற சாமிகளை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டான். திடீரென்று விசில் உச்சத்துக்குப் போனது. யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி வண்டி பாய்ந்தது. மாட்டுவண்டி காணாமல் போயிற்று. பால் லாரி ஒன்று பின்னுக்குப் போயிற்று. சங்கரன் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான்.

அப்புறம் நெடி வந்தது. மோரிஸின் தரை துருப்பிடித்துப் பல இடத்தில் ஓட்டை, புகைக்குழாயிலும் ஓட்டை. அத்தனை வழியாகவும் மிளகாய் கருகுகிற நெடி உள்ளே ஏறியது. மூன்று பேருக்கும் கண்ணீர் கொட்டியது. இன்ஜின் இரண்டு தரம் விக்கியது, கறுப்பாய்ப் புகை கக்கியது, நின்றுவிட்டது. வண்டி பின்னால் உருள, தளவாய் குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தான்.

"என்னடா இது, டர்போன்னே" என்றார் அத்திம்பேர், இருமலுக்கு நடுவே. "எவளோ தாளிக்கறாளேடா உள்ளே."

தளவாய் முன்பக்கம் போய்ப் பார்த்தான். மிளகாய் ஒன்றுகூட இல்லை. எலுமிச்சம்பழம் குழாயின் கழுத்தில் தக்கை மாதிரி சிக்கியிருந்தது. நூல் மட்டும் வெளியே தொங்கியது. அவன் அதை மறைத்துக்கொண்டு நின்றான். நாளைக்குச் சம்மட்டி. நாளைக்குக் குழாயடியில் பேராச்சி வரிசையின் கடைசியில்.

"நகரு" என்றான் சங்கரன். குனிந்து பார்த்தான். "எலுமிச்சம்பழமா?"

"திருஷ்டிக்குக் கட்டினது சார்."

"உள்ளே போயிருக்கே."

தளவாய்க்கு அப்போது வாயில் வந்தது அவனே யோசித்து வந்ததல்ல. "அதான் சார் நானும் பாக்கேன். எலுமிச்சம்பழத்தையே இந்த இழுப்பு இழுக்குதுன்னா காத்தை என்ன இழுப்பு இழுக்கும்? கம்பெனிக்காரன் இப்படிக் காட்டுவானா?"

சங்கரன் நிமிர்ந்தான். திட்டப்போகிறான் என்று தளவாய் ஒரு எட்டுப் பின்னால் வைத்தான். ஆனால் இன்ஜினீயருக்குள் எங்கேயோ ஒரு கணக்கு ஓடியது. "இழுப்பு இருக்குதான்" என்றான் மெதுவாக. "பிடுங்கு அதை. அடியிலிருந்து இன்னொரு தரம் வரலாம்."

அத்திம்பேர் ஏற மறுத்துவிட்டார். பாதி ஏற்றத்தில், சாலை ஓரத்தில் குடையை விரித்து நின்றுகொண்டார். காத்திருப்பது அவருக்குப் புதிதல்ல.

இரண்டாம் தரம் வண்டி ஏறியது. டாப் கியரில், விசிலோடு, உச்சிவரை. உச்சியில் சங்கரன் ஹாரன் அடிக்கக் கை வைத்தபோது பானெட்டுக்குள் 'டொப்' என்றது. கயிறு அறுந்து பானெட் எழுந்து நின்றது. நீராவி மேகமாய்க் கிளம்பியது.

இரண்டு பேரும் இறங்கி ஒதுங்கி நின்றார்கள்.

"ஏறிச்சு சார்" என்றான் தளவாய்.

"ஏறித்து" என்றான் சங்கரன்.

வண்டியைத் திருப்பி, இன்ஜின் ஓடாமல் இறக்கத்தில் உருட்டியே வந்தார்கள். பாதியில் அத்திம்பேர் கை காட்டினார். வேகத்துக்கு நத்தை பூட்டின தளவாய் பிரேக்கைச் சரிபார்த்திருக்கவே இல்லை. அவர் முகம் ஜன்னலோரம் வந்தது, போனது. அவர் பஸ்ஸில் வந்தார். வண்டியைச் சமதரையிலிருந்து தாராவிக்குக் கைவண்டிக்காரர்கள் தள்ளிவந்தார்கள்.

ஏறினாலும் வண்டி படுத்துவிட்டதே என்று திங்கட்கிழமை சங்கரன் தரகனைக் கூட்டிவந்தான். தரகன் பானெட்டைத் தூக்கி உள்ளே பார்த்து, "இது காரா, ஸ்டீமரா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். சங்கரன் மாஹிமிலிருந்து அழைத்துவந்த மெக்கானிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே பார்த்தான், தொடவில்லை. அத்திம்பேர், கம்பெனிக்கு எழுதிப்போட இப்போதும் ஒன்றும் தாமதமாகிவிடவில்லை என்றார்.

சங்கரன் டிரம் மேல் உட்கார்ந்து தளவாயை ஒரு மணி நேரம் திட்டினான். திட்டி முடித்து, பேராச்சி கொடுத்த டீயைக் குடித்தான். "கம்பெனி வண்டி இப்படி நின்னா நான் யாரைப் போய்த் திட்டறது? அவன் ஆபீசுக்கு லெட்டர்தான் போடணும். நீயே பிரிச்சு மாட்டு. அந்த நத்தையைக் கழட்டிடாதே."

அவன் போனதும் பேராச்சி வாசலுக்கு வந்தாள். பானெட் திறந்தபடி, அடியில் எண்ணெய் சொட்ட, மோரிஸ் நின்றது.

"நெசமா வண்டி போயிராதா?" என்றாள்.

தளவாய் தொப்புள்வரை வண்டிக்குள் குனிந்திருந்தான். "எங்கட்டி போவும்? போவணும்னா இஞ்சின் வேணும்லா."